லேப்டாப் பில்

அன்புள்ள பெர்சிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். அத்தைக்கு இருமல் தேவலையா? தென்காசியில் சாரல் விழுகிறதா?

போனில் சொன்னால் பதறுவாய் என்று எழுதுகிறேன். இந்த ராஜ்கோட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பைல் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் நம் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். உள்ளே போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது, ஆபீஸுடையது இல்லை என்பதற்குப் பில் காட்டினால்தான் வெளியே விடுவேன் என்று வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பில் பீரோவில், ஞானஸ்நான சர்டிபிகேட்டோடு இருக்கும். போட்டோ செல்லாதாம், ஒரிஜினலையே தபாலில் அனுப்பு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மறந்துவிடாதே. லேப்டாப்பில் இருக்கும், குற்றாலத்தில் நீ எடுத்த வீடியோவைப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அருவி இரைச்சலுக்கு நடுவில், "போதும், வந்து தலையத் தொவட்டுங்க" என்று நீ கூப்பிடுவது அதில்தான் இருக்கிறது.

எபனேசர்