வேன் ஃபேனை எரித்தது யார்

மனைவி சபிஹா எழுவதற்குள் சேக் இஸ்மாயில் சீட்டை எழுதி முடித்தார்.

"சபிஹா, டூர் போய்த் தங்குன கேம்ப்ல வேன் ஃபேன் கருகுனதுக்கு உன் தம்பி முன்னாடி உன்னைய ஏசிட்டேன். அது பன்னெண்டு வோல்ட் ஃபேன், வீட்டு கரண்டு தாங்காது. நடுவுல அடாப்டர் வைக்காம, கார்ல சொருகுற முனைய வெட்டிட்டு வீட்டு பிளக்க மாட்டினது நான்தான். நீ சுவிட்ச் மட்டுந்தான் போட்ட. இடியாப்பம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு."

வேன் சாவிக்காக, அவள் சாவிகளைப் போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்தார். அவர் வெட்டி எறிந்த முனை அடியில் கிடந்தது. அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

சீட்டின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்: "தெரிஞ்சுமா அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்ட? தம்பிகிட்ட நானே சொல்லிடுறேன். இப்பப் போயிட்டு சாயங்காலம் வர்றேன், இப்ப உன் மூஞ்சில முழிக்க முடியலை."