மேலறைக்கு ஒரு தனி லைன்

மல்வேர்ன்
20 ஜனவரி 2025

அன்பு மகள் நதீஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதவே கை கூசுகிறது.

நேற்று மத்தியானம் நீ கோப்பை கழுவுவதற்குச் சட்டைக் கையை மடித்தாய். முழங்கைக்கு மேலே நாலு விரல் கறுத்துப் போய்க் கிடந்தது. "கதவில இடிச்சுப்போட்டன், அப்பா" என்றாய். நான் இறைச்சிக்கடையில் தலை நரைத்தவன். விழுந்து வந்த கறுப்பு எது, பிடித்து நெரித்து வந்த கறுப்பு எது என்று எனக்குத் தெரியும். கதவுக்கு விரல் இல்லை, மகள்.

உன் மகள் சின்னவளின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கிற எங்கள் அன்ரனெற், உன் துண்டுக் கடிதத்தை இன்று கொண்டுவந்து தந்தாள். மூன்று வருசமாக உன் புருசன் அடிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருசமாக நான் அவனுக்கு நல்ல தொடை இறைச்சியாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். கலியாணம் பேசும்போது, "டெனிஸ்டன் தம்பி குடியில்லை, சிகரெட் இல்லை, கொம்பியூட்டரில புலி" என்று மாதா கோவில் வாசலில் நின்று சொன்னவனும் நான்தான். உன் அப்பன் பெரிய துப்பறிவாளன்.

போனில் ஒன்றும் கதைக்க வேண்டாம் என்கிறாய். ஏன் என்று விளங்கவில்லை, ஆனால் கதைக்க மாட்டேன். கத்தியைத் தீட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வரட்டும். எந்த மூட்டில் வைத்தால் எலும்பு தெறிக்காமல் கழலும் என்று எனக்குத் தெரியும். பொலிஸ் பிடித்து மறியலில் போட்டால் மூன்று நேரமும் சாப்பாடு தருவார்களாம். அம்மா போன பிறகு நான் வீட்டில் இரண்டு நேரம்தான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா


மில்லிக்கன்
23 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் மறியலுக்குப் போனால் எனக்கும் சின்னவளுக்கும் ஓடி வர ஒரு வீடு இல்லை. கத்தியால் ஆட்டை மட்டும் வெட்டுங்கோ.

ஏன் தாளில் எழுதுகிறேன் என்று சொல்லுகிறேன். என் போன், உங்கள் போன், உங்கள் வீட்டு இன்ரநெற் எல்லாமே அவருடைய கணக்கில். "மாமாவுக்கு ஃப்ரீயா போட்டுத் தாறன்" என்று உங்கள் ரீவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தாரே, அதனால் என்ன போகிறது, என்ன வருகிறது என்று இங்கே இருந்து பார்க்கிறார். நவம்பரில் உங்கள் வீட்டில் இருந்து பெண்கள் காப்பகம் ஒன்றைத் தேடினேன். அன்றைக்கு இரவு அந்தப் பக்கத்தையே பெரிதாக ரீவியில் போட்டுக் காட்டினார். பிறகு மேசை லாச்சியை இழுத்து, என் சின்ன விரலை அதற்குள் வைத்துச் சாத்தினார். "இன்னொருக்கா எண்டா பிள்ளையைக் கொண்டு போயிடுவன்" என்றார். அவர் இங்கே, ஸ்காபரோவில் பிறந்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. என்றாலும் இதை எரித்துவிடுங்கோ.

அவர் என் பக்கத்தில் இல்லாத நேரம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது மேலே போய்ப் படுப்பேனே, அந்த நேரம். மேலறையில் என்னுடைய பழைய மெசின் இருக்கிறது. யூனிவர்சிற்றியில் படிக்கும்போது எல்லாருக்கும் பொதுவாக விட்டிருக்கிற மூல நிரல்களை எடுத்து, ஒவ்வொன்றாக நானே கட்டி எழுப்பின லினக்ஸ் இயங்குதளம் அதில் ஓடுகிறது. அதில் அவர் கை பட்டது இல்லை. அதைக் குப்பை என்று சொல்லிச் சிரிப்பார். அவர் தொடாத மெசின் எனக்கு அது ஒன்றுதான்.

அப்பா, உங்கள் பெயரில் தனியாக ஒரு இன்ரநெற் லைன் எடுங்கோ. பழைய ரெலிபோன் வயரில் வருகிறது போதும். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். லைனோடு வருகிற மோடம் பெட்டியோடு பேசுகிற நிரலை நான் அப்போது கட்டவில்லை, தேவைப்படவில்லை. அதன் மூலத்தை லைப்ரரியில் ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் ஏற்றித் தருவார்கள். பெயரும், நீங்கள் அடிக்க வேண்டிய வரிகளும் வேறு தாளில் இருக்கின்றன. இடைவெளி விட்ட இடத்தில் இடைவெளி விடுங்கோ.

லைன் வந்தால் காப்பகத்து ஆட்களோடு சத்தமில்லாமல் எழுதிக் கதைக்கலாம். பிள்ளையோடு எப்படி வெளியே வருவது என்று அவர்கள் சொல்லுவார்கள். நீங்கள் கீழே அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டு இருங்கோ. அது உங்களுக்கு வரும்.

அன்புடன்,
நதீஷா


மல்வேர்ன்
12 பெப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

உன் அப்பன் எஞ்சினியர் ஆகிவிட்டான். ஊரில் பத்தாம் வகுப்பில் என்னைப் பெயிலாக்கின கணக்கு வாத்தியார் இதைப் பார்க்க இல்லை.

லைப்ரரிப் பெண் பிள்ளை குச்சியில் ஏற்றித் தந்தாள். கறுப்புத் திரையில் நீ எழுதின முதல் வரியை ஒற்றை விரலால் அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. பெரிய எழுத்தில் அடித்துவிட்டேனாம். திருத்தி அடித்தேன். அப்படி ஒரு இடமே இல்லை என்றது. ஒரு இடைவெளி கூடிவிட்டது. உன் மெசினும் உன் அம்மாவைப் போலத்தான், சரியாகச் சொன்னால் ஒழிய ஒரு வேலையும் செய்யாது.

பிறகு "கட்டு" என்கிற வரியை அடித்தேன். ஐயோ, எழுத்து ஓடத் தொடங்கியது. கண் எட்டாத வேகத்தில் வரி வரியாக ஓடுகிறது. நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். நின்ற பிறகு பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. மோடத்தின் பச்சை விளக்கு அசையாமல் நிற்கிறது. நீ கடைசியாக எழுதின வரியை அடித்தேன். எங்கேயோ இருக்கிற ஒரு மெசின் லைன் வழியாகப் பதில் சொன்னது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் கதிரையில் இருந்து அழுதேன். நீ சிரிக்காதே.

லைன் எடுத்தது பிளாசாவில் போன் கடை வைத்திருக்கிற கீதனிடம். "அங்கிள், உங்கட ஆக்கள் ஆரும் எங்களிட்ட லைன் எடுத்திருந்தா அவையின்ர நம்பரைச் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் ஃப்ரீ" என்றான். ஃப்ரீ என்றதும் வாய் தானாகத் திறந்தது. டெனிஸ்டனின் நம்பரைக் கொடுத்துவிட்டேன். எதற்கு லைன் என்று ஒன்றும் சொல்லவில்லை, பயப்படாதே. அவன் நம்பரை வைத்தே ஒரு மாதம் அவனுக்குக் குழி வெட்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். அவனைச் சிரிக்க வைக்கப் பகிடிகள் ஆயத்தம்.

உன் அப்பா, எஞ்சினியர்


ஆஸ்பத்திரி
19 பெப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

காப்பகத்து அம்மா இதை உன் கையில் சேர்ப்பதாகச் சொன்னார். எனக்கு மூன்று விலா எலும்பு போயிருக்கிறது. சிரித்தால் குத்துகிறது. அதனால் எனக்கு நானே பகிடி சொல்லாமல் படுத்திருக்கிறேன்.

நீ மேலே இருந்தாய், கீழே நடந்தது உனக்குத் தெரியாது. சின்னவள் அன்ரனெற் வீட்டில் விளையாடிக்கொண்டு இருந்தாள், கடவுள் புண்ணியம். அவன் இரண்டாம் முறை கறி போட்டுச் சாப்பிட்டான். நான் கடையில் ஆடு தப்பி ஓடின கதையைச் சொல்லிக்கொண்டு இருந்தேன். அவன் போன் அடித்தது. பார்த்தான்.

"மாமா, புது லைன் எடுத்தனீங்களே? எனக்கு ஒரு மாசம் ஃப்ரீயாம். தாங்ஸ்."

"ஓம் தம்பி. உந்தப் படங்கள் பாக்கத்தான்."

"ஏன், என்ர லைன் காணாதே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அந்த நேரம் பார்த்து மேலே உன் பழைய கீபோர்ட் சடசடவென்று கேட்டது. அவன் முகட்டைப் பார்த்தான். கையைக்கூடக் கழுவவில்லை, எழும்பினான்.

நான் சட்டையைப் பிடித்தேன். பிட்டுக் குழலை எடுத்து முகத்தில் அடித்தான். பிட்டுக் குழலால் அடி வாங்கின மாமனார் ஸ்காபரோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படியில் விழுந்து அவன் காலைக் கட்டிப் பிடித்தேன். மற்றக் காலால் நெஞ்சில் உதைத்தான். என்னை இழுத்துக்கொண்டே ஏறினான். ஒவ்வொரு படியும் விலாவில் இடித்தது. உதைக்கும் ஒவ்வொரு தடவையும் "விடு, கிழட்டு நாயே" என்றான். கத்தி மேசையில் கிடந்தது, நான் பார்த்தேன். கத்தி எடுக்க வேண்டும் என்றால் காலை விடவேண்டும். காலை விட்டால் அவன் ஒரே பாய்ச்சலில் உன்னிடம். நான் விடவில்லை.

கதவை உடைத்தது, உன் தலைமயிரைப் பிடித்து மெசின் பெட்டியில் அடித்தது எல்லாம் நான் சொல்லித் தேவையில்லை. அந்த நேரமும் நான் காலில்தான். நீ வீட்டு இலக்கத்தையும் "வாறார்" என்பதையும் எழுதி அனுப்பியிருக்கிறாய், காப்பகத்து ஆட்கள் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொலிஸ்காரி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாளாம்.

என் கடைசிக் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை. வியாழனும் வெள்ளியும் பனியால் பள்ளிக்கூடம் பூட்டு, அது அன்ரனெற்றின் பைக்குள்ளேயே கிடந்தது. லைன் வந்ததை மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் அறிந்திருப்பாய். கடிதம் கிடைத்திருந்தால் நீ அன்றைக்கு மேலே போயிருக்க மாட்டாய். கீதன் கேட்க டெனிஸ்டனின் நம்பரைக் கொடுத்தது நான். உன் தலையில் விழுந்த அடி அந்த ஒரு மாத ஃப்ரீ.

உன் அப்பா


7 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்பது தையல். மயிர் வளர்ந்தால் தெரியாது. சின்னவள் விடியுமட்டும் எழும்பாமல் நித்திரை கொள்ளுகிறாள்.

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நீங்கள் காலை விட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டு இருக்க மாட்டேன். அதை மறக்க மாட்டேன். ஆனால் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அவர் பிணையில் வந்து, தமையன் பஸ்ரியன் வீட்டில் இருக்கிறார். பஸ்ரியன் அண்ணை உங்கள் இறைச்சிக்கடை இருக்கிற பிளாசாவுக்குத்தான் ரீ குடிக்க வருகிறவர்.

உங்களில் கோபம் இல்லை, அப்பா. உங்கள் வாயில்தான் பயம். கடிதம் எழுதினால் காப்பகத்து அலுவலகத்தில் கொடுங்கோ, அவர்கள் அனுப்புவார்கள். என்னில் கோபமோ?

நதீஷா


மல்வேர்ன்
2 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

கோபம்தான். பெற்ற தகப்பனுக்கு விலாசம் இல்லையோ என்று நாலு பக்கம் எழுதினேன். நல்ல காலம், காப்பகத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. இப்போது கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்லுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிற நேரம் பஸ்ரியன் வந்தான். என்னைக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். "எங்க அவள்? பிள்ளையை எங்க கொண்டு போனவள்?" என்றான். "தெரியாது தம்பி" என்றேன். உறைந்த ஆட்டுத் தொடை ஒன்றை எடுத்துத் தோளில் அடித்தான். பிறகு வாயில். இரண்டு பல் நிலத்தில் கிடந்தது. பிறகு விலாவில், பொருந்திக்கொண்டு வந்த அதே இடத்தில். கேட்கக் கேட்க அடித்தான், அடிக்க அடிக்கத் தெரியாது என்றேன்.

உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். மூன்றாம் அடியில் ஊர், தெரு, கதவிலக்கம் எல்லாம் சொல்லியிருப்பேன். ஒருவனின் காலைக் கட்டிப் பிடிக்க என் கைக்குத் தெரியும். வாயைக் கட்டிப் பிடிக்க எனக்குத் தெரியாது. நீ என்னை என்னை விட வடிவாக அறிந்து வைத்திருக்கிறாய்.

குளிரில் நடுங்கிக்கொண்டு, "சத்தியமா தெரியாது, என்ர பிள்ளை எனக்கே சொல்லேல்லை" என்று குழந்தை மாதிரி அழுதேன். அந்த அழுகையைப் பார்த்துத்தான் நம்பினான். எனக்கு நடிக்க வராது என்பது அவனுக்கும் தெரியும். தொடையைப் போட்டுவிட்டுப் போனான். இப்போது அவனும் பொலிசில்.

ஆனால் பஸ்ரியன் வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகையால் இதற்குப் பதில் எழுதாதே. சுகம் என்றுகூட எழுதாதே. எழுதினால் நான் எழுத்துக்கு எழுத்து வாசித்து எதையாவது கண்டுபிடித்துவிடுவேன், பிறகு கேட்கிறவனுக்குச் சொல்லிவிடுவேன். எந்த ஊர் என்று நினைத்துப் பார்க்கவும் மாட்டேன். நினைத்தால் சரியாக நினைத்துவிடுவேனோ என்று பயம்.

சின்னவள் தாத்தாவைக் கேட்டால், தாத்தாவுக்கு நீங்கள் எங்கே என்று தெரியாது, அதனால்தான் நீ நித்திரை கொள்ளுகிறாய் என்று சொல்லு.

உன் அப்பா,
அருள்நாயகம்