உங்கள் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்

என்னங்க,

கூப்பிட்டால் "இரு, ஒரு வரி பாக்கி" என்பீர்களே, அந்த வரியை அப்புறம் முடித்துக்கொள்ளுங்கள். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். குறுக்கே பேச உங்களால் முடியாது, அதனால் இந்த ஒரு தடவையாவது முழுக்கச் சொல்லி முடிப்பேன்.

உங்கள் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். மேல்மூடியைச் சொல்லவில்லை, அடிப்பக்கத்தைச் சொல்கிறேன். திருகாணி எல்லாவற்றையும் கழற்றி, உள்ளே இருந்த வைஃபை கார்டை எடுத்துவிட்டு வேறு மாட்டியிருக்கிறேன். "டைப் அடிக்கிறதோட நிறுத்திக்க, கழட்டுற வேலை வேணாம்" என்று எத்தனை வருஷம் சொன்னீர்கள்! நீங்கள் இருந்திருந்தாலும் கழற்றியிருப்பேன், போங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் போன ஐந்தாம் மாதம் ஆயுத பூஜை வந்தது. கிள்ளானிலிருந்து உங்கள் அக்கா போன் செய்து, துக்க வருஷத்தில் பூஜை கிடையாது, விளக்கோடு நிறுத்திக்கொள் என்றார். பெரியவர் சொல்கிறார், சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"வசந்தா, தப்பா நெனைக்காதே. இனிமே கல்யாண கார்டு அடிக்கிற வேலை உனக்கு வேணாம். தாலிய எறக்கி வச்ச பொம்பள அடிச்ச கார்ட எந்த வீட்டுல சாமிகிட்ட வைப்பாங்க?"

நீங்கள் இருந்தபோதும் பாதிக் கார்டு நான் அடித்ததுதானே? நீங்கள் வாசலில் நின்று ஆட்களிடம் பேசுவீர்கள், உள்ளே உட்கார்ந்து மாமன் பெயர், மச்சான் பெயர் எல்லாம் தட்டிக்கொண்டிருந்தது யார்? அப்போது கை நல்ல கை, இப்போது கெட்டுப்போய்விட்டதா? போனை வைத்த சூட்டோடு சந்தனம் குழைத்தேன். சோறு போடுகிற கருவிக்குப் பொட்டு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? மூடியில் ஒன்று, முன்விளிம்பில் வரிசையாக மூன்று, மேலே குங்குமம். நீங்கள் வைப்பதைவிடத் தடியாகவே அப்பினேன், கோபத்தில்.

மறுநாள் காலை லேப்டாப்பில் வைஃபை இல்லை. கைப்பேசியில் ஓடுகிறது, இதில் இல்லை. நம் பிள்ளை குமரன் வாய் சும்மா இருக்குமா, அத்தையிடம் உளறிவிட்டான். சாமியே காட்டிவிட்டது, அந்தப் பொட்டை முதலில் துடை என்று உடனே உத்தரவு வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அண்ணி, என்று சொல்லி வைத்துவிட்டேன். பொட்டைத் துடைக்கவில்லை. தூசி தட்டினால்கூட அதைச் சுற்றித்தான் தட்டினேன்.

ஆனால் பயம் இல்லாமல் இல்லை. ஜெஞ்சாரோமிலிருந்து லெட்சுமி என்று ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்கக் கொடுத்திருந்தார். அடுத்த வெள்ளிக்குள் கிள்ளான் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அவர்கள் வீட்டில் எந்தத் தாய்மாமன் பெயர் முதலில் வரவேண்டும் என்று தினம் ஒரு சண்டை, தினம் ஒரு திருத்தம். நெட்டில் அனுப்ப வழியில்லாமல் இரண்டு தடவை பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போய் வந்தேன். மூன்றாவது தடவை முழங்கால் வரமாட்டேன் என்றது. இந்தக் கார்டு நின்றால் வேலையும் நிற்கும், அக்கா சொன்னதுதான் சரி என்று ஊரே சொல்லும். எனக்கு அதுதான் பயம்.

குமரன் பூச்சோங்கிலிருந்து வந்து, "ஏம்மா இந்த வீம்பு, புதுசு வாங்கித் தரேன்" என்றான். புதியதில் உங்கள் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஏறாது. உங்கள் கார்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பினேன்.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஆன்டி, வைஃபை கார்டு போயிருச்சு லா. பழைய மெஷின். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க" என்றார். கார்டு மட்டும் கொடுங்கள் பாஸ் என்றேன். திறந்தால் திரும்ப மூட முடியாது என்று பயமுறுத்தினார். திரும்ப வராததையே பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். லேப்டாப்பைத் திருப்பி அடியில் இருந்த மாடல் எண்ணைப் பார்த்து, இதற்குப் பொருந்தும், பழையதைவிட வேகமும் அதிகம் என்று ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார். ரொட்டித்துண்டில் கால்வாசி இருக்கும்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் ஒரு வீடியோ. அந்த மனிதர் என்ன மொழி பேசினாரோ, கை மட்டும் புரிந்தது. கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டேன், எது எங்கிருந்து வந்தது என்று மாறிப்போகாமல். பேட்டரியையும் எடுத்து வைத்தேன். உள்ளே காற்றாடிப் பக்கம் தூசி, தூசிக்குள் ஒரு முறுக்குத் துண்டு. வேலை செய்யும்போது தின்னாதீர்கள் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! அதைப் பார்த்ததும் கழற்றியதெல்லாம் அப்படியே கிடக்க, கொஞ்ச நேரம் அழுதேன்.

பழைய கார்டில் கறுப்பு, வெள்ளை என்று முடி மாதிரி இரண்டு வயர்கள். நகத்தால் நெம்பி எடுத்து, புதியதில் வைத்து அழுத்த, டக் என்று உட்கார்ந்தன. ஒரு திருகாணி. அவ்வளவுதான் வேலை. இதற்கா அத்தனை வருஷம் என்னைப் பயமுறுத்தினீர்கள்?

எல்லாவற்றையும் மூடி லேப்டாப்பைப் போட்டேன். புதுக் கார்டின் பெயர் திரையில் வந்தது. ஆனால் வைஃபை அணைந்திருக்கிறது என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே. உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டா போவது என்று வாய்விட்டே திட்டினேன். கேட்டதா?

அப்புறம் வீடியோவை மறுபடி ஓட்டினேன். கடைசியில் அந்த மனிதர் தன் லேப்டாப்பின் முன்விளிம்பில் ஒரு குட்டிப் பொத்தானை இப்படியும் அப்படியும் தள்ளிக் காட்டினார். வைஃபையை அணைக்கிற பொத்தானாம். நம்முடையதில் எங்கே என்று தடவினேன். இருந்தது. மூன்று பொட்டில் நடுப்பொட்டுக்கு அடியில்.

கோபத்தில் அப்பியபோது என் கட்டைவிரலே அதை அணைக்கும் பக்கம் தள்ளியிருக்கிறது. சந்தனம் உள்ளே இறங்கிச் சிமெண்டு மாதிரி காய்ந்துவிட்டது. பல்குச்சியால் சுரண்டி எடுத்துத் தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

பழைய வைஃபை கார்டில் கோளாறு ஒன்றுமே இல்லை போலிருக்கிறது. இருந்தாலும் அதைத் திரும்ப மாட்டவில்லை. புதியது பறக்கிறது.

உங்கள் அக்காவிடம் மறைக்கவில்லை. நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சாமி இல்லை அண்ணி, சந்தனம் என்றேன். "அப்ப பொட்டு வைக்காம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதுல்ல?" என்றார். அதுவும் நியாயம்தானே!

"அடுத்த வருஷமும் வைப்பேன் அண்ணி. எடம் பாத்து வைப்பேன்."

இன்னொன்று. கார்டின் கீழ் மூலையில் எறும்பளவு எழுத்தில் 'கணினி அமைப்பு' என்று, அடித்தவர் பெயராக உங்கள் பெயர் வருமே, அதை நான் மாற்றவே இல்லை. என் பெயரைப் பார்த்து யாராவது விசாரித்தால் என்ன செய்வது என்று பயம். ஐந்து மாதமாக இறந்தவர் பெயரோடு கல்யாண கார்டுகள் போயிருக்கின்றன. அதில் ஒருவருக்கும் அபசகுனம் தெரியவில்லை. நான் உயிரோடு இருப்பதுதான் அபசகுனமா?

அந்தச் சனிக்கிழமையே ஜெஞ்சாரோம் கார்டில் உங்கள் பெயரை எடுத்தேன். என் பெயரை அடித்தேன். லெட்சுமிக்குப் போன் செய்து, கணவர் இல்லாதவள் அடித்த கார்டு இது, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அக்கா, மாமன் பேரெல்லாம் சரி. ஆனா கீழ உங்க பேரு கண்ணுக்கே தெரியல லா. கொஞ்சம் பெருசா போடுங்க."

பெரிதாகப் போட்டேன். இனிமேல் எந்தக் கார்டிலும் அது சிறுக்காது. இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் பெயரை எங்கே வைத்தேன் என்று தேடவேண்டாம். கீழே, என் பெயருக்கு முன்னால், உங்கள் பெயரின் முதலெழுத்தாக அது இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி,
கி. வசந்தா
கணினி அமைப்பு, பிரிக்பீல்ட்ஸ்