வண்டிக்குத் தொண்ணூற்றிரண்டு

"வழமை மாதிரித் தொண்ணூற்றைந்துதானே, அக்கா?"

பெற்றோல் செட்டில் நிற்பவர் இன்று காலை குழாயைக் கையில் எடுத்தபடி கேட்டார். கேட்டுவிட்டு யன்னலுக்குள் குனிந்தவர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உங்களுடைய இடத்தில் நான் இருப்பதைக் கண்டு சற்றுத் தடுமாறினார். என் விரல்களில் பெற்றோல் மணத்தது. வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன், மணம் போகவில்லை. பின்னால் ஒரு லொறிக்காரர் பாம் பாமென்று கோண் அடித்தார். நீங்கள் என்றால் இறங்கிப்போய் அவருக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பீர்கள், மச்சாள்.

கடந்த மாரிமழையோடு கண்ணை மூடிவிட்டீர்கள். உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இருந்தபோது மட்டும் பேச விட்டீர்களா என்ன? ஒரு வசனம் தொடங்கினால் அதன் மிச்சத்தை நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வட்டக்கச்சிக்கு வந்தவள் நான். அவர் போன பிறகும் உங்களோடுதான் இருந்தேன். ஊரில் எங்களை ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு "மச்சாள்மார்" என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சண்டை முடிந்து மீள்குடியேறி, வயலைத் திருத்தி, கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கிய நேரத்தில்தான் உங்களுக்கு அந்தப் பழைய பிக்கப்பில் ஆசை வந்தது. ஊரெல்லாம் டீசல் வாகனம் தேடி அலைய, பெற்றோலில் ஓடுவதென்ற ஒரே குற்றத்துக்காக அது ஒருவரும் சீண்டாமல் ஒரு வேலி ஓரமாக நின்றது. "பாவம், அதை ஒருத்தரும் கேக்கினம் இல்லை" என்றீர்கள். வாகனம் வாங்க அது ஒரு காரணமா என்று கேட்டேன். அதற்குள் நீங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

அந்தப் பிக்கப்தான் பிறகு எங்களுக்குச் சோறு போட்டது. இங்கிருந்து கத்தரியும் பயற்றையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கொக்கிளாய்க்குப் போவோம். வரும்போது கருவாடு. நாலு யன்னலையும் திறந்துவிட்டாலும் அந்த மணம் எங்கள் தலைமயிரில் ஏறிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும்.

முதல் பயணத்திலேயே இஞ்சின் தட்டியது. வட்டுவாகல் பாலத்தில் மெல்ல ஊர்ந்து, கரை ஏறியதும் நீங்கள் காலை அழுத்த, முன்பக்கத்தில் யாரோ தகரப் பேணிக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். சுமை கூடிய நாட்களில் அது பெரிதாகக் கேட்கும். இஞ்சின் போனால் எங்கள் கதையும் போச்சு என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தோம். உங்கள் வைத்தியம் தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோல். அதை அடித்த அன்று சத்தம் குறைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் தொண்ணூற்றிரண்டு அடித்து ஓடும்போது இந்தக் கிழட்டு வண்டிக்கு மட்டும் ஏன் இந்தச் சீராட்டு என்பது என் வாதம். பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. இருவருக்கும் ஒரு எழுத்தும் விளங்காது. அப்படியிருந்தும் ஆளாளுக்கு அதைத் தங்கள் பக்கத்துக்குச் சாட்சியாக இழுத்தோம்.

கடைசியில் முல்லைத்தீவில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணரிடம் கொண்டுபோய் விட்டோம்; ஊருக்கே அவர் 'நானா'. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் இந்த மாதிரிப் பெற்றோல் பிக்கப்புகளைத்தான் அதிகம் பார்த்ததாகச் சொன்னார். இஞ்சினுக்குள் படிந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தார். நெருப்புப் பொறி முந்தி விழாதபடி நேரத்தைச் சரிப்படுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நோய் பெற்றோலில இல்ல தங்கச்சி. இந்த இஞ்சினுக்குத் தொண்ணூற்றிரண்டே காணும், அதுக்கு மேல தேவையில்ல."

அப்படியென்றால் தொண்ணூற்றைந்தில் சக்தி கூடுதல் இல்லையா என்று நீங்கள் விடாமல் கேட்டீர்கள். ஒக்டேன் என்றால் சக்தி இல்லை, பொறுமை என்றார் அவர். இஞ்சின் அமுக்குகிற அமுக்கத்தில் பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல், பொறி விழும்வரை பொறுத்திருக்கிற அளவுதான் அந்த இலக்கம். கூடுதலாக அமுக்குகிற இஞ்சினுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். இது அவ்வளவு அமுக்காது. தேவைக்கு மேலே ஊற்றுவதால் கெடுதியும் இல்லை, நன்மையும் இல்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"அப்ப மச்சாள், உங்களுக்குத் தொண்ணூற்றிரண்டும் வராது."

நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தனியாக நின்று சிரித்தேன்.

சத்தம் அன்றோடு நின்றது. வழக்கும் நின்றதென்று நான் நினைத்தேன். அடுத்த கிழமை பெற்றோல் செட்டில் நீங்கள் அசையாமல், "தொண்ணூற்றைந்து" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானா சொன்னது காதில் விழவில்லையா, வண்டிக்கே வேண்டாமென்கிற சாமானை ஏன் வாய்க்குள் திணிக்கிறீர்கள் என்று வீடு வரைக்கும் கத்தினேன். நீங்கள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினீர்கள். உங்களோடு சண்டைபிடிப்பது குளத்துக்குக் கல்லெறிவது மாதிரித்தான், மச்சாள்.

இன்னொன்றும் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே உங்கள் பக்கத்துத் தட்டில், பழந்துணி சுற்றிய ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தல். அதற்குள் பெற்றோல். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடிக்க முன், பழையதை வண்டியின் பெற்றோல் ராங்கிக்குள் ஊற்றிவிட்டு அதிலும் புதிதாக நிரப்பிக்கொள்வீர்கள். சண்டைக் காலத்தில், எண்ணெய்க்குத் தடை இருந்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து எழுப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். ஒரு வண்டி கடந்து போனால் ஊர் முழுக்க அடுப்பு மூட்டியது மாதிரிப் புகையும் மணமும் இருக்கும். "ஓட மண்ணெண்ணெய் காணும். வெளிக்கிடத்தான் பெற்றோல் வேணும்" என்பது அந்தக் காலத்து உங்கள் வாய்ப்பாடு. அந்தக் காலமெல்லாம் போய்விட்டதே, இப்போது எதற்கு அந்தப் போத்தல் என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பதோடு முடிப்பீர்கள்.

பிறகு நாடு முழுக்க எண்ணெய்க்கு வரிசை நின்ற வருசம் வந்தது. கொக்கிளாயில் எங்களுக்காகக் கருவாடு கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ராங்கியின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. வரிசை பெற்றோல் செட்டில் தொடங்கி எங்கேயோ முடிந்தது. பக்கத்து வீட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தது. தெரியாத வித்தையா, கிடக்கிற பெற்றோலோடு கலந்து ஓடுவோம் என்று அதை வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் ராங்கி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"இதுக்குள்ள அது போகக்கூடாது."

சரக்கு வேறு ஆளின் கைக்குப் போய்விடும் என்றேன். போகட்டும் என்றீர்கள். வண்டிக்காக மனிசர் பட்டினி கிடப்பதா என்று கேட்டேன். அப்போதுதான், ராங்கி மூடியிலிருந்து கையை எடுக்காமலே, நீங்கள் அதைச் சொன்னீர்கள்.

உங்கள் தம்பியை வயலில் பாம்பு கடித்த அந்தப் பின்னேரம் எனக்கு எப்போதும் கண்முன்னே நிற்பது. அவருடைய தலை என் மடியில் இருந்தது. நீங்கள் முற்றத்தில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தீர்கள். அது எழும்பவே இல்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மிதிசைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலைக் காணவும் அவர் மூச்சு நிற்கவும் சரியாக இருந்தது. பிளக்கில் ஏதோ பிழை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"பிளக்கில பிழை இல்லை, மச்சாள். போத்தல் காலி. அண்டைக்கு விடியக்காலமைதான் மேல்வயல்காரர் தண்ணி இறைக்கிற மிஷினை எழுப்ப ஒரு சொட்டுக் கேட்டு வந்தவர். நான்தான் மிச்சத்தைக் குடுத்தனான். அண்டைக்குப் பிறகு, என்ர வண்டிக்குக் குறைஞ்ச எண்ணெய் ஊத்த மனம் வருகுதில்லை."

இதை இத்தனை வருசமாக நீங்கள் தனியாக வைத்துக்கொண்டு, என் பக்கத்துப் பாயில் படுத்து எழும்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றீர்கள். நானும் ஒரு கணம் எதிர்பார்த்தேன். வரவில்லை. உங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. மேல்வயல்காரரின் நெல் அந்த வருசம் கருகாமல் தப்பியதும், அறுவடை முடிந்து செத்தவீட்டுக்காரர் என்று எங்களுக்கு அவர் நெல் கொண்டுவந்து இறக்கியதும் ஞாபகத்துக்கு வந்தது.

"அந்தச் சொட்டில விளைஞ்ச நெல்லைத்தானே நாங்களும் திண்டனாங்கள்," என்றேன். "உங்கட தம்பி நிண்டிருந்தாலும் குடுத்திருப்பார்."

மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அந்த முறை கருவாடு வேறொருவருக்குப் போனது. நாங்கள் முருங்கையிலைச் சொதியோடு சமாளித்தோம். வரிசைகள் ஓய்ந்த பிறகு நீங்கள் மறுபடி "தொண்ணூற்றைந்து" என்றபோது நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் நான் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அது இஞ்சினுக்கு ஊற்றுகிற பெற்றோல் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

நீங்கள் போனபிறகு பிக்கப்பைக் கொட்டிலுக்குள் விட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினேன். ஓட்டத் தெரியாமல் இல்லை. வாய்க்கால் கரையில் வைத்து நீங்கள் ஓட்டப் பழக்கியபோது வாழை இரண்டைச் சாய்த்தேனே, அந்தளவு தெரியும். மனம் வரவில்லை, அவ்வளவுதான். விற்றுவிடச் சொன்னார்கள். விலை கேட்டும் ஆள் வந்தது. பேசியபடி நாளை மறுநாள் வந்து கொண்டுபோக வேண்டியவர், போகும்போது ஓடுகிறதா என்று ஒருக்கால் எழுப்பிப் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று விடிய, பக்கத்து வீட்டார் சார்ஜ் ஏற்றித் தந்த பற்றரியைப் பூட்டி, திறப்பைப் போட்டுத் திருப்பினேன். இருமியது; எழும்பவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடந்த பெற்றோலும் பழசு, காபரேற்றரும் காய்ந்துவிட்டது. ஓடாத வண்டி, விலையைக் குறைத்துக் கொடுத்துத் தொலைப்போம் என்று இறங்கப் போனபோதுதான் தட்டில் அந்தப் பழந்துணி கண்ணில் பட்டது. மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தீர்கள். அரைவாசிக்கு மேல் இருந்தது.

பொனற்றைத் திறந்து, உங்கள் முறைப்படி காபரேற்றருக்குள் கொஞ்சமாக விட்டேன். பாதி என் விரலில் வழிந்தது. போய்த் திறப்பைத் திருப்பினேன். ஒரே முறைதான். கொட்டில் அதிர்ந்து, கோழிகள் கலைந்து ஓடின. ஸ்டியரிங்கில் தலையை வைத்து, உங்களை எரித்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதேன். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வாங்க வந்தவருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்று சொன்னேன். கொக்கிளாய்க்கும் எடுத்து, கருவாடு கட்டி வைக்கச் சொன்னேன்.

அப்படித்தான் இன்று பெற்றோல் செட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவர் குழாயோடு நின்றார். லொறிக்காரர் மறுபடி கோண் அடித்தார்.

"தொண்ணூற்றிரண்டு அடியுங்கோ," என்றேன். "அதுக்கு அது காணும்."

அவர் அடித்து முடித்து மூடியைப் பூட்டும்போது, பழந்துணியை அவிழ்த்துப் போத்தலை நீட்டினேன்.

"இதுக்கு மட்டும் தொண்ணூற்றைந்து."