கலர் குடிக்காமல் எழுந்து வந்தேன், மச்சான்

என் அருமை மச்சான் சேகருக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமா வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருத்தன் விற்க வந்த பொருளை வாங்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறான். உட்கார்ந்துகொள். அங்கே உட்கார வசதி உண்டா தெரியாது, இருந்தால் உட்கார்ந்துகொள். நின்றபடி கேட்கிற சேதி இல்லை இது.

கடையிலிருந்து ரிடையர் ஆகிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ஒரே பட்டுக்கடை, ஒரே வெள்ளை மெத்தை, அதன்மேல் சம்மணம் போட்டு நான். கடைசி நாளில் மாலை போட்டார்கள். முதலாளி எழுந்து, "இவர் புடவை விரிச்சா வாங்காம எழுந்து போனவங்க கிடையாது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். உன் அக்கா கோமதி மட்டும் என் காதுக்குள், "விக்கிறதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. நீங்க வாங்குற லட்சணத்தைப் பத்தி யாராவது வாயைத் திறக்கிறாங்களா பாருங்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஊருக்கே விற்றவன் நான். என்னிடம் யார் எதை விற்றாலும் வாங்கிவிடுவேன். இருபது வருஷத்தில் கோடீஸ்வரன் ஆகலாம் என்று ஒருத்தர் தேக்கு மரம் விற்றார். வாங்கினேன். மரம் எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் ஈமு கோழி. போட்ட பணத்துக்கு எனக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு முட்டை. கரும்பச்சையாக, பெரிய மாங்காய் அளவுக்கு. அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மாமா, இவ்ளோ விலை குடுத்து முட்டை வாங்குனவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன் தான். உடைச்சுடாத, ஷோகேஸ்ல வை. தெனமும் பாரு."

வைத்தோம். பத்து வருஷத்துக்கு மேல் அது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதே வாரம் என்னை இழுத்துக்கொண்டு போய், மாதம் ஐந்நூறு ரூபாய் தானாகப் பிடித்து மியூச்சுவல் ஃபண்டில் சேர்க்கிற மாதிரி கையெழுத்து வாங்கினாய். "இது முட்டை போடாது மாமா. ஆனா ஓடியும் போகாது" என்றாய். நான் முணுமுணுத்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், என் கல்யாணத்தன்றைக்கு என் செருப்பை ஒளித்து வைத்துக் காசு பிடுங்கியவன், எனக்குப் புத்தி சொல்கிறானே என்று இருந்தது.

தென்னேரி அம்மா ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நான் சாப்பாட்டு நேரத்தில் புலம்புவேனே, அவர்கள்தான். தன் மூன்று பெண்களின் கல்யாணத்துக்கும் தென்னேரியிலிருந்து எங்கள் கடைக்கு வந்தார்கள். மூன்று தடவையும் என் தலையில்தான் விடிந்தது. ஏசி காற்று படுகிற இடமாகப் பார்த்து உட்கார வைப்பேன், அசையமாட்டார்கள். கலர் சோடா வரவழைத்துக் கொடுப்பேன், குடிக்கமாட்டார்கள். "கலர் குடிச்சா வாங்கித்தான் ஆவணும்னு தோணிடும் தம்பி. பில்லு போட்டப்புறம் குடு" என்பார்கள். முதலில் ரொம்ப விலையுள்ள புடவையை விரித்துக் கண்ணைக் கூச வைத்து, பிறகு நடுத்தரமானதைக் காட்டினால் அது மலிவாகத் தெரியும். அது எங்கள் தொழில். அதுவும் அவர்களிடம் பலிக்காது. கடைசியில் மூன்று கேள்வி கேட்பார்கள். "இதுல எவ்ளோ எடை, அதுல ஜரிகை எவ்ளோ? இதை வித்தா உனக்கு எவ்ளோ கிடைக்கும்? நாளைக்கே இதைத் திருப்பிக் கொண்டாந்தா எவ்ளோ தருவ?"

மூன்றாவது கேள்வியில் எனக்கு வேர்த்துவிடும்.

நான் இதைக் குறையாகத்தான் சொன்னேன். நீ சோற்றில் கை வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தாய். "மாமா, நீ எதை வாங்கப் போனாலும் அந்த அம்மாவா மாறிட்டுப் போ. நீ நீயா போகாத" என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு பங்குனிக்கு முன்னால் நீ போய்விட்டாய். பங்குனி உத்திரத்துக்கு ஊரே சாமி பார்க்கப் போகும்போது, மார்ச் மாசக் கணக்கு முடியவில்லை என்று அந்த அறைக்குள்ளேயே கிடப்பாயே, அந்தக் கணக்கையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு காலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயசு. நான் உன் வீட்டு வாசலில் நின்று, உன் மனைவி செல்வி இனிமேல் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்க வேண்டுமோ என்று அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எங்கள் கடைப் பெட்டி. அவளுடைய கூறைப்புடவைக்கு நானே மடித்துக் கொடுத்த பெட்டி. உள்ளே எல்லாம் இருந்தது. இன்சூரன்ஸ், பேங்க் புத்தகம், எதில் யார் வாரிசுதாரர் என்று உன் கையெழுத்தில் ஒரு தாள், பதிவு செய்த உயில். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "செல்வி, பதறாதே. மேலிருந்து ஒவ்வொன்றாக எடு."

நாற்பத்தாறு வயசில் யாரடா உயில் எழுதுவார்கள்? உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? டாக்டரிடம் போய்விட்டு எங்களிடம் சொல்லாமல் இருந்தாயா, இல்லை உன் குணமே அதுதானா? இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஜெயித்த கதைக்கு வருகிறேன்.

என் பிஎஃப் பணமும் கடையில் கொடுத்த பணமும் பேங்கில் வந்து விழுந்த மூன்றாம் நாள் அங்கிருந்தே போன் வந்தது. எனக்கென்றே ஒரு ஸ்பெஷல் திட்டம் இருக்கிறதாம். நேரில் வரச் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வருகிற பணம் மச்சான். இதுவும் ஈமுவாகப் போனால், எனக்கும் உன் அக்காவுக்கும் பிள்ளைகள் கைதான். மகனுக்கே வீட்டுக் கடன் கழுத்தளவுக்கு இருக்கிறது. மகள் மாமியார் வீட்டில் கேட்டுத்தான் எங்களுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்க முடியும். அதெல்லாம் தெரிந்தும் போனேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். உன் அக்காவும் வந்தாள்.

டை கட்டின ஒருத்தர் எங்களைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனார். ஏசிக்கு நேராக உட்கார வைத்தார். "ரெண்டு கூல்டிரிங்ஸ்" என்று வெளியே குரல் கொடுத்தார். பேரக்குழந்தை பெயர் என்ன என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்து, வருஷத்துக்குப் பத்து லட்சம் கட்டுகிற திட்டத்தை முதலில் காட்டினார். எனக்குக் கண்ணைக் கட்டியது. "அது பெரியவங்களுக்கு சார். உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று இரண்டு லட்சத்துத் திட்டத்தைக் காட்டினார். ஆகா, எவ்வளவு மலிவு என்று தோன்றியது. தோன்றும்போதே, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றும் இருந்தது.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார் பார். "கோமதி அம்மா" என்று கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, "அம்மாவுக்கு மாசா மாசம் வரப்போற தொகை" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். உன் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "ஏங்க, நல்லாத்தானே சொல்றாரு" என்றாள்.

மச்சான், முந்தானையைப் பிரித்து அம்மாக்கள் தோளில் போட்டுக் கண்ணாடியைக் காட்டுவோமே, அதேதான் இது! தோளில் விழுந்துவிட்டால் பாதி வித்தாச்சு. முப்பத்தெட்டு வருஷம் நான் செய்த வேலையை, டை கட்டிக்கொண்டு ஒருத்தர் எனக்கே செய்கிறார். இத்தனை நாள் நான் மெத்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அதனால்தான் தேக்கும் ஈமுவும் என் தலையில் விழுந்தன.

அதற்குள் கலர் வந்தது. உன் அக்கா ஸ்டிராவை வாயில் வைக்கப் போனாள்.

"கோமதி, கீழ வை அதை."

"தாகமா இருக்குதுங்க."

"வைம்மா. பில்லு போட்டப்புறம் குடிக்கலாம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் வைத்துவிட்டாள். நான் தென்னேரி அம்மாவாக மாறிவிட்டேன். குரல்கூடக் கொஞ்சம் மாறிற்று என்று அவள் இப்போது சொல்லிச் சிரிக்கிறாள்.

"சார், நான் கட்டற ரெண்டு லட்சத்துல ஜரிகை எவ்ளோ, நூல் எவ்ளோ?"

அவர் விழித்தார். "அதாவது, உங்க செலவெல்லாம் போக என் பேர்ல எவ்ளோ போய்ச் சேரும்?" என்று விளக்கினேன். அது இது என்று நாலு வகைக் கட்டணம் சொன்னார். விரல் விட்டு எண்ணிக்கொண்டேன்.

"இதை வித்தா உங்களுக்கு எவ்ளோ கிடைக்கும்?"

"எனக்கில்ல சார்… டார்கெட்னு ஒண்ணு இருக்குது."

"சரி, அடுத்த வருஷமே அவசரம்னு வந்து கேட்டா எவ்ளோ திருப்பித் தருவீங்க?"

"அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது சார். அது மட்டுமில்ல, அஞ்சு வருஷமும் கட்டணும்."

"சம்பளமே நின்னு போனவன் வருஷா வருஷம் ரெண்டு லட்சத்துக்கு எங்க போவேன்?"

அவர் கடைசிப் புடவையை விரித்தார். "வரி மிச்சமாகும் சார்."

இதற்காகத்தான் சேகர் நான் காத்திருந்தேன்! செல்வி முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். "சார், இத்தனை வருஷம் சேர்ந்த பிஎஃப்ல வரி கிடையாது. இனிமே எனக்கு வர்றது வட்டியும் சின்னதா ஒரு பென்ஷனும். அதைக் கூட்டினா வரி கட்டற அளவுக்கே வராது. இல்லாத வரியை நான் எப்படி சார் மிச்சம் பிடிக்கிறது?"

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். அந்த மனுஷனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. முகூர்த்த சீசனில் மாசக் கடைசி வந்தால் நானும் இப்படித்தான் முழித்திருக்கிறேன். "தம்பி, உங்க விரிப்புல குறையே இல்ல. ஆளைத்தான் தப்பா எடுத்துட்டீங்க" என்று சொல்லி, மேஜைமேல் பரப்பியிருந்த அவருடைய தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, புடவை மடிக்கிற மாதிரியே மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்து ஆளுக்கொரு பன்னீர் சோடா, சொந்தக் காசில். உன் அக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்தெட்டு வருஷம் ஊரை ஏமாத்துனது இன்னைக்குத்தான் வீட்டுக்கு உதவுச்சு" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பாராட்டுதானே அது?

நேராக உன் ஆபீஸுக்குப் போனோம். உன் பலகை அப்படியேதான் தொங்குகிறது. செல்விதான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள், உன்னைவிட வேகமாக டைப் அடிக்கிறாள். அவள் எதையும் விற்கவில்லை. எங்கள் வீட்டுச் செலவு என்ன, மாத்திரைச் செலவு என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டாள். முதலில் இரண்டு பேருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ். பெரும்பகுதி தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்பில், என் பெயரும் உன் அக்கா பெயரும் சேர்ந்து. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். திடீர்ச் செலவுக்குக் கொஞ்சம் பேங்கில், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற படிவத்தோடு. நீ ஆரம்பித்து வைத்த ஐந்நூறு ரூபாய் எவ்வளவாக வளர்ந்திருக்கிறது என்று திரையில் காட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். "இதை மட்டும் தொடாதீங்கண்ணே. அவரு போட்டது, ஓடட்டும்" என்றாள். கடைசியில் பில்லை நீட்டினாள். சொந்தக்காரர்களுக்கும் ஃபீஸ் உண்டு என்கிற உன் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

உயில் விஷயத்தில்தான் உன் அக்கா மல்லுக்கு நின்றாள். "நல்லா இருக்கிற மனுஷன் எதுக்குச் சாவைப் பத்தி எழுதுறது? அபசகுனம்" என்று அந்த வார்த்தையையே வீட்டில் பேசவிடவில்லை. செல்விதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, உங்க தம்பி எழுதி வச்சதால தான் நான் யார் கையையும் எதிர்பாக்காம நிக்கிறேன். அவரு எழுதினதால சாகல அண்ணி. செத்தப்புறம் என்கூட இருக்கணும்னு தான் எழுதினாரு" என்றாள். உன் அக்கா எழுந்து போய் என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

எதிர்வீட்டு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் சாட்சி. வீடு முதலில் கோமதிக்கு, அவளுக்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. பதிவு அலுவலகத்தில் அதிகாரி, "சுயநினைவோட தான் எழுதுறீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா, "இப்பதான் சார் இவருக்குச் சுயநினைவே வந்திருக்குது" என்றாள். அந்த ஆபீஸே சிரித்தது. சாவைப் பற்றிப் பேசப் போன இடத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம் மச்சான்.

எல்லாவற்றையும் ஒரு புடவைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மேலே துண்டுச் சீட்டு, "கோமதி, பதறாதே" என்று. உன்னைப் பார்த்துத்தான் காப்பியடித்தேன். பெட்டியின்மேல் ஒரு பழைய வளையலை வைத்து, அதில் அந்த ஈமு முட்டையை உட்கார வைத்திருக்கிறாள் உன் அக்கா. இனிமேல் யார் என்ன திட்டம் கொண்டுவந்தாலும் அந்த முட்டையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சாமி பார்க்கக் கிளம்பும் முன்னால், நானும் உன் அக்காவும் அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளையும் சரிபார்ப்போம். செல்வியையும் கூட்டிக்கொண்டுதான் சாமி பார்க்கப் போவோம். நீ பார்க்காமல் விட்ட உத்திரங்களுக்கும் சேர்த்து அவள் பார்க்கட்டும். ஒரு நாள் நானும் நீ இருக்கும் இடத்துக்கு வருவேன். அன்றைக்கு வெறுங்கையோடுதான் வருவேன், திட்டாதே. பெட்டி உன் அக்காவிடம் இருக்கும்.

நீ ஒளித்து வைத்த செருப்புக்கு இன்னமும் பாக்கி இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே,
அந்த உன் அக்கா புருஷன்,
மாமா