அப்பாவின் ஐஸ் பெட்டி

ஆம்பூர்
செவ்வாய்க்கிழமை

மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம்தான், சுகமில்லை என்று எழுதினால் மட்டும் நீ பறந்து வந்துவிடப் போகிறாயா என்ன. கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் அழுதே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குத் தெருமுனையில் கட்டச் சொல்லி நீ ஆர்டர் கொடுத்த பேனர் வந்தது. பாசமிகு குடும்பத் தலைவர், தன்னலமற்ற சமூக சேவகர், இவண் ஆல்வின், கனடா. இருதயராஜ் என்ற பெயரைவிடக் கனடா பெரிசாக இருக்கிறது. அதை நான் கட்டவில்லை, சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தோல் ஷாப்பில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டினார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை, ஏன், உன் சிநேகிதர்கள் முன்னால் நாறுமா? வேலை முடிந்து வந்ததும் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உன்னைத் தூக்குவார், பிள்ளைமேல் அந்த வாடை ஒட்டக்கூடாது என்று. குடும்பத் தலைவர் என்றால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. உனக்கு என்ன ஞாபகம் வருகிறதோ.

சமூக சேவகர் என்று சுலபமாகப் போட்டுவிட்டாய். பங்குக் கோயில் வாலிபர் சங்கத்து ஐஸ் பெட்டியை இத்தனை வருஷம் காத்தவர் அவர். சாவு விழுந்தது நம் கோயில் வீடோ மாரியம்மன் கோயில் தெரு வீடோ, சர்தார் பாஷாவின் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பாதிப் பிரியாணியில் எழுந்து போனார், நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருக்கு இருந்தது ஒரே சட்டம். பொட்டி ஒரு ராத்திரிக்கு மேல யார் வூட்லயும் நிக்கக் கூடாது, அடுத்து யாருக்கு வேணும்னு ஆண்டவருக்குத்தான் தெரியும் என்பார். துபாய்த் தம்பி வரட்டும் என்று இழுத்த கவுன்சிலர் வீட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்.

அவரையே அதே பெட்டியில் மூன்று நாள் போட்டுவைத்தோம், உனக்காக. கிளம்பிட்டேன், முகம் பார்க்காம மண்ணு போடாதீங்க என்றாய். மறுநாள் லீவு வரவில்லை என்றாய். அதற்கு மறுநாள் டிக்கெட் என்றாய். கடைசியில் வீடியோவில் காட்டச் சொன்னாய். இதற்கு நடுவில் பின் தெரு சௌந்தரம் செத்துப்போனாள், உனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுத்துவிடுவாளே, அவள்தான். சர்தார் பாஷா வாசலில் வந்து நின்று, இன்னா அண்ணி பண்றது, அவங்க வூட்ல வெறும் ஐஸ் கட்டி வெச்சினு இருக்காங்க, வெயில் தாங்காது என்றார். வாடகைப் பெட்டிக்கு வாணியம்பாடி வரைக்கும் கேட்டும் கிடைக்கவில்லை. நான் உனக்குப் போன் போட்டேன், நீ நாளைக்கு நிச்சயம் வர்றேன் என்றாய், அதை நம்பி நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அவளை எரித்துவிட்டார்கள். மகள் சௌமியா ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அவள் என்னைத் திட்டவில்லை ஆல்வின். நேராக நம் வீட்டுக்கு வந்து, அத்தை, உங்க ஆல்வின் வந்துட்டானா என்று மட்டும் கேட்டாள். அப்பா கட்டிக்காத்த பேரை மூன்றே நாளில் தொலைத்துவிட்டாய், அதன்மேல் பேனர் வேறு.

பூசை அடுத்த சனிக்கிழமை. நீ அனுப்பும் பூமாலையும் வேண்டாம், சாப்பாட்டுச் செலவும் வேண்டாம். வருவதானால் முதலில் சௌமியா வீட்டு வாசலில் போய் நில், அவள் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள், அப்புறம் நம் வீட்டுக்குள் வா. வரமுடியாவிட்டால் பொய்யாக டிக்கெட் கதை சொல்லாதே, அது எனக்குப் பேஜாராகிவிட்டது. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். பெற்ற வயிறு சபிக்காது, ஆண்டவர் உன்னை நன்றாக வைக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்டியை இப்போது நான்தான் துடைத்து வைக்கிறேன். சர்தார் பாஷாவிடம் சொல்லிவிட்டேன், நான் போனாலும் ஒரு ராத்திரிதான், யார் போன் போட்டாலும் எடுக்க வேண்டாம் என்று.

இப்படிக்கு,
உன் அம்மா,
டிரம் ஆப்பரேட்டர் இருதயராஜ் மனைவி மரியம்மாள்