வலப்பக்கத்திலிருந்து வரும் எழுத்து

ஜூன் 8, 2025. ஞாயிறு. ஆலங்குடி.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஒருவழியாக ஓடிவிட்டது. புதுக்கோட்டையில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. ஏதோ ஒரு பள்ளியில் காலி செய்து போட்டிருக்கிறார்கள். கேசட்டுக்குப் பதிலாக மெமரி கார்டு வைக்க ஒரு சின்ன போர்டைச் சேர்த்தேன். நான் பிறந்த காலத்து விளையாட்டு கண் சிமிட்டும் நேரத்தில் திரையில் வந்து நின்றது. மனைவி ஷர்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல உள்ள பழசையெல்லாம் ஓட வச்சுட்டீங்க. வீட்டுல உள்ளத எப்ப எறக்கப் போறீங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

பரணில் இருக்கும் கம்ப்யூட்டர் அப்பாவுடையது. குவைத்தில் ஒரு மின்சாதனக் கடையின் குடோனில் வேலை பார்த்தார். எனக்கு ஆறு வயது இருக்கும்போது விடுப்பில் வந்தவர் அதை எனக்காகக் கொண்டுவந்தார். விசைகளில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருக்கும். மறு வருசம், தொண்ணூறில், அங்கே சண்டை. போனவர்கள் ஜோர்டான் பாலைவனம் வழியாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அப்பா வரவில்லை. எல்லையில் ஒரு கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்தவரை யாரோ வண்டியில் ஏற்றிப் போனதாக, உடன் இருந்த குழந்தைசாமி சித்தப்பா வந்து சொன்னார். அவ்வளவுதான் தெரியும். உடம்பும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. நாங்கள் மனு எழுதாத அலுவலகம் இல்லை.

அம்மா இன்றுவரை பூவும் பொட்டுமாகத்தான் இருக்கிறாள். யார் கேட்டாலும், "வெளிநாட்டுல இருக்காரு."

ஜூன் 11

பரணில் எலி. இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. மேஜையில் வைத்தேன். திறக்கவில்லை.

ஜூன் 15. ஞாயிறு.

திறந்தேன். பல்லி முட்டை ஓடு, சாம்பல் மாதிரி தூசி. பவர் சப்ளை பக்கம் கெப்பாசிட்டர்கள் இரண்டு வீங்கியிருந்தன. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒரு சுவிட்ச். அதிலிருந்து இரண்டு ஒயர் உள்ளே போகின்றன. பற்றவைத்த ஈயம் மொத்தை மொத்தையாக இருக்கிறது. கை பழகாதவர் வேலை. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. விளையாட்டில் என் விமானம் அடிபட்டுக்கொண்டே இருக்கும், நான் அழுவேன். "இரு, ஒனக்கு நிப்பாட்டித் தாரேன்" என்று அப்பா ஒரு மத்தியானம் முழுக்க இதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுவிட்சைத் தள்ளினால் எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

அது சரியான முறை இல்லை. ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தால் இந்த ரக மெமரி தான் வைத்திருப்பதையெல்லாம் மறந்துவிடும். அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது.

சரிசெய்யப் பற்றவைக்கும் இரும்பை எடுத்தேன். வைத்துவிட்டேன். அவர் கை பட்ட ஈயம்.

ஜூன் 22. ஞாயிறு.

ஓடுகிறது. நீலத் திரை, ஒரு ஓரத்தில் துடிக்கும் சின்னக் கட்டம். போட்டதும் அரபியில்தான் விழிக்கும். எழுத்து வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் ஓடும்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"அவரு வச்சதெல்லாம் அப்படியே இருக்காடா?"

"பொட்டி அப்படியே இருக்கும்மா. உள்ள எதுவும் இருக்காது. அணைச்சா அழிஞ்சிரும்."

"ம்" என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 29. ஞாயிறு.

இன்று சாயங்காலம் அது தானாக எழுதியது.

நான் ஜன்னலோரம் இன்னொரு கீபோர்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் திரையின் வலப்பக்கத்தில் ஒரு எழுத்து. யாரும் கிட்டத்தில் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பக்கத்தில் இன்னொன்று வந்தது. கொஞ்சம் நின்று யோசிப்பது போல, மூன்றாவது. பொழுது சாயவும் நின்றுவிட்டது.

எங்கோ தொடர்புக் கோளாறு. அது தெரியும். உள்ளங்கை ஏன் வேர்த்தது?

ஜூலை 4

அம்மா பார்த்துவிட்டாள். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து முடித்துத் திரும்பும்போது அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, புதுப் பூ வைத்து.

"வலப்பக்கமிருந்து வருது பாரு. அங்கிட்டு அப்படித்தான எழுதுவாங்க?"

ஜூலை 6. ஞாயிறு.

காரணத்தைக் கண்டுபிடித்தேன். கீபோர்டின் அடியில் செம்புத் தடம் ஒன்றில் பச்சை பூத்திருக்கிறது, மயிரிழை விரிசல். சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாக நேரே அதன் மேல் விழுகிறது. சூடேறினால் பலகை நெளிகிறது, ஒரு விசை தானாக அழுந்தியது போலாகிறது. ஒரு சொட்டு ஈயம் போதும். மாணவர்களுக்குக் கொடுத்தால் சிரிப்பார்கள்.

வைக்கவில்லை. திரும்ப மூடிவிட்டேன்.

ஜூலை 12. சனி.

அம்மா குழந்தைசாமி சித்தப்பாவைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். நான்கு தெரு தள்ளி இருக்கிறார். அப்பாவோடு ஒரே அறையில் தங்கியவர். வயதானதில் நடை தள்ளாடுகிறது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். எழுத்து வந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"என்ன எழுதியிருக்கு?" அம்மா.

"இதுவா... இது 'லா'. ரெண்டெழுத்து சேந்து ஒரே விசையில இருக்கு. அங்கன எதைக் கேட்டாலும் மொதல்ல காதுல விழுகுற வார்த்தை. இல்லைன்னு அர்த்தம்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைதான் அண்ணி."

அம்மா திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். "ஊரே செத்துட்டாருன்னு சொல்லுதுல்ல. அதுக்குத்தான் இல்லைங்குறாரு."

சித்தப்பா காபியைத் தொடவில்லை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அத அணைச்சிரு. உங்காத்தா மறுபடியும் அந்த வருசத்துக்கே போயிருச்சு."

எனக்கு வேறொன்று கேட்டது. இல்லை என்றால் இங்கே இல்லை. எங்கேயும் இல்லை. நாளெல்லாம் அதுதான் காதில்.

ஜூலை 20. ஞாயிறு.

அம்மா இப்போது சாயங்காலம் மீன் குழம்பு வைக்கிறாள். அப்பாவுக்குப் பிடித்தது. ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி வைக்கிறாள். திரையிடம் பேசுகிறாள் — தென்னைக்கு மருந்து வைத்தது, மோட்டார் ரிப்பேர், அரிமளத்தில் அத்தை மகளுக்குக் குழந்தை பிறந்தது. குரல் இளசாகிவிட்டது. இந்தக் குரலை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

ஷர்லி இன்று கறாராகக் கேட்டாள். "ஒரு சொட்டு ஈயம்னு நீங்கதான சொன்னீங்க? ஏன் வைக்கல?"

"அம்மாவுக்கு இதுதான் நிம்மதியா இருக்கு."

"அத்தை பேரைச் சொல்லாதீங்க. ஒங்களுக்கும் அது வேண்டியிருக்கு."

நர்ஸ் அல்லவா. அழுத்த வேண்டிய இடம் தெரியும்.

ஜூலை 24. ஆடி அமாவாசை.

வருசா வருசம் போல இந்த வருசமும் சித்தப்பா வந்து, "ராமேஸ்வரம் போயி செய்ய வேண்டியதைச் செஞ்சிரலாமே" என்றார். அம்மா, "உசுரோட இருக்குற ஆளுக்கா?" என்று கேட்டாள். எப்போதும் இதைக் கோபமாகத்தான் சொல்வாள். இன்று சாதாரணமாக, உள் அறையைக் கண்ணால் காட்டிவிட்டுச் சொன்னாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 2. சனி.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதிவைக்கிறேன்.

அம்மா கடைவீதிக்குப் போயிருந்தாள். ஷர்லி டியூட்டியில். வெயில் ஜன்னலுக்கு வந்ததும் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். விரிசல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படம் போட்டுக்கூடக் காட்டுவேன். இருந்தும் வாய் திறந்து கேட்டுவிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

ஒன்றும் வரவில்லை. விசிறிச் சத்தம் மட்டும்.

"வலிச்சுச்சா?"

எழுத்து வந்தது. லா. கொஞ்சம் பொறுத்து இன்னொரு லா.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நாற்பத்திரண்டு வயசு ஆள். பசங்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்குறவன். என்னடா பண்ணிட்டு இருக்க நீ?

ஆனாலும் — வலிக்கவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்று இத்தனை வருசமாக எனக்கு இருந்திருக்கிறது. இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 9

இரண்டு நாளாக மாலையில் மூட்டமும் மழையும். வெயில் இல்லை, எழுத்தும் இல்லை. அம்மா இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறாள். "கோவமா இருக்காரு. என்ன தப்பு பண்ணுனேன்னு தெரியல." சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10. ஞாயிறு.

மழைதான். சாப்பாடும் இல்லை. ஷர்லி கெஞ்சிக் கஞ்சி கொடுத்தாள். இரண்டு வாய்.

ஆகஸ்ட் 11

அம்மா விழுந்துவிட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். நல்லவேளை ஷர்லி வீட்டில் இருந்தாள். நெற்றியில் மேஜை முனை இடித்து நாலு தையல். சுகர் ரொம்ப இறங்கியிருந்ததாம். நான் வகுப்பில் இருந்தேன், போன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஷர்லி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா மருமக சொன்னதா ஆயிரும்" என்றாள்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு.

காலை வெளிச்சத்திலேயே செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெட்டியைத் திறந்து, கீபோர்டைத் திருப்பிப்போட்டு, டார்ச் அடித்துக் காட்டினேன்.

"இங்க பாரும்மா. இந்தப் பச்சை. வெயில் பட்டா இது சூடாகும். அதான் எழுத்து வருது."

ஷர்லி தலை காய வைக்கும் மெஷினை எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தடத்தின் மேல் சூட்டுக் காற்றைப் பிடித்தேன். வராமல் போகட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். வந்தது. லா. லா. லா. லா. காற்றை எடுத்தால் நின்றது. பிடித்தால் வந்தது. ஏதோ ஒரு பிராணியை அடித்துக் கத்தவிடுவது போல இருந்தது. அணைத்தேன்.

அம்மா கட்டுப்போட்ட நெற்றியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்டா."

"என்னம்மா தெரியும்?"

"அது அவரு இல்லைன்னு. உங்கப்பா சொன்ன நேரத்துக்கு ஒருநாளாவது வந்திருக்காரா? கல்யாணத்தன்னைக்கே தாலி கட்ட லேட்டு, பஸ்ஸ விட்டுட்டாரு. இது தெனம் வெயில் சாய டாண்ணு வந்து நிக்கிது."

ஷர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். நான் ஒருவன்தான் —

"பெறகு ஏம்மா உக்காந்த?"

அவள் சேலைத் தலைப்பால் கீபோர்டின் ஓரத் தூசியைத் துடைத்தாள். "சாயங்காலமானா போயி உக்கார ஒரு எடம் இருந்துச்சு. அதான்."

கழற்றிய திருகாணிகளை ஒரு மூடியில் சேர்த்தேன்.

"மழையில வராததுக்கு நீ பட்டினி கெடந்தியே."

"கெடந்தேன். தெரிஞ்சும்தான் கெடந்தேன். என்னையே பாத்து பயந்துபோயிட்டேன் கவி." பிறகு, "ஒட்டிரு" என்றாள்.

"ஒட்டட்டுமா?"

"ஒட்டுடா. வெளக்கை நான் புடிக்கிறேன்."

டார்ச்சை அவள்தான் பிடித்தாள். வெளிச்சம் கொஞ்சமும் ஆடவில்லை. ஈயம் உருகி, பளபளத்து, மங்கி உறைந்தது. அவ்வளவுதான். பெட்டியை மூடித் திருகாணி போடும் வரை நகராமல் நின்றாள்.

சாயங்காலம் வெயில் வந்தது. கட்டம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 19

அந்த அறைக்குள் போக முடியவில்லை. அம்மா போய் விளக்கைப் போட்டு, பெருக்கி, வந்துவிட்டாள். எனக்குத்தான் முடியவில்லை.

ஆகஸ்ட் 31. ஞாயிறு.

அம்மா கேட்டாள் என்று சித்தப்பா வந்தார். அந்தக் கூடாரத்தில் கடைசியாகப் பார்த்ததை முழுசாகச் சொல்லச் சொன்னாள். இத்தனை வருசத்தில் அவள் அவரைப் பேசி முடிக்க விட்டதே இல்லையாம். பாதியில் எழுந்து போய்விடுவாளாம். இன்று எழுந்திருக்கவில்லை.

காய்ச்சலில் அப்பாவுக்கு ஆளே தெரியவில்லை. தண்ணீர் கேட்டார். சித்தப்பா துணியை நனைத்து உதட்டில் வைத்தார். வெள்ளை வண்டி வந்து தூக்கிப் போகும்போது அவர் கண் மூடியிருந்தது. மூச்சு இருந்ததா இல்லையா என்று சித்தப்பாவால் அன்றும் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

"அந்த வண்டி திரும்பி வரல அண்ணி. எங்கள லாரியில ஏத்திட்டாங்க."

"தண்ணி குடுத்தீங்கள்ல" என்றாள் அம்மா. "அது போதும்." அவருக்கும் சாப்பாடு போட்டாள்.

செப்டம்பர் 14

வகுப்பில் சும்மா இருக்கும் நேரங்களில் இன்னும் அந்த எழுத்து தெரிகிறது. கண்ணை மூடினால் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஷர்லியிடம் சொன்னேன். "போகும். மெதுவாப் போகும்" என்றாள். போகாவிட்டால் என்ன என்று கேட்கவில்லை.

அக்டோபர் 6. திங்கள்.

அம்மாவுக்குக் கண்புரை. லீவு போட்டுப் புதுக்கோட்டை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், ஊர், சுகர் உண்டா.

"வீட்டுக்காரர் பேரும்மா?"

"உடையப்பன்."

"அவங்க என்ன பண்றாங்க?"

வழக்கமான பதிலைச் சொல்ல நான் வாயெடுத்தேன். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பேங்கில், எல்லா இடத்திலும் சொல்லிப் பழகிய பதில். அம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

"தவறிட்டாரும்மா. தொண்ணூறுல. வேலைக்குப் போன எடத்துல."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. தட்டினாள். "அடுத்து, வயசு சொல்லுங்க."

அம்மா சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கண்ணில் மருந்து விட்டு, மூடியே இருக்கச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் பாரம் ஏறியது. அத்தனை சத்தத்துக்கு நடுவில், பெயர் கூப்பிடும் வரை, அம்மா தூங்கினாள்.